ஒரே ரூமில் இருபத்திரண்டு வெப்சைட்

வெப்சைட்டுக்கு இடம் பிடித்துக் கொடுத்து அதைக் காவல் காக்கும் தொழிலில், எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை நாம் உயிரோடு இருப்பதே யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு மணி நேரம் நின்றுபோனால் மட்டும் நம் பக்கத்து வீட்டு போன் நம்பர் வரை தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள். "ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிய சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காகத்தான். மற்றவர்களும் படிக்கலாம், சிரிக்கலாம். எங்களைப் பார்த்து ஊரே சிரித்ததுதான்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நான் சிவகாசியில் வேலை பார்த்தேன். ஆமத்தூரிலிருந்து தினமும் பஸ். ஒரு ஆஃப்செட் அச்சகத்தின் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே மெஷின் ஓடினால் மேலே என் டீ கிளாஸ் மேஜையில் தானாக நகரும். மொத்தம் இரண்டே பேர். முதலாளி முருகேசன் அண்ணன், முன்னாள் டிடிபி ஆபரேட்டர். பக்கத்தை அழகாக வடிவமைத்துக் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துக்கு என்ன ஆனாலும் என் தலையில். நான் வளர்மதி, பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். டெக்னிக்கல் சப்போர்ட், செக்யூரிட்டி, மின்சாரம் போனால் ஜன்னலைத் திறப்பது எல்லாமே நான்தான்.

எங்கள் வாடிக்கையாளர்கள் இருபத்திரண்டு பேர். பட்டாசு, காலண்டர், தீப்பெட்டி லேபிள் என்று எல்லா வகையும் உண்டு. முதல் ஆள் தனுஷ்கோடி அண்ணாச்சி. ஆமத்தூர் தாண்டி பட்டாசு ஆலை வைத்திருந்தார். மற்ற இருபத்தொரு பேரும் அவர் சொல்லி வந்தவர்கள். அவருக்கு மச்சான், சம்பந்தி, இல்லாவிட்டால் மச்சானுக்குச் சம்பந்தி. அவர் ஒருவர் "இவுக வேண்டாம்" என்று சொல்லிவிட்டால், மறுநாளே நாங்கள் ஆபீஸைக் காலி செய்து சாவியை அச்சகத்தில் ஒப்படைக்க வேண்டியதுதான். இதை நீங்கள் மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நான் அதை மனசில் வைத்துக்கொண்டுதான் மூன்று வருஷம் சோறு தின்றேன்.

கிட்டங்கி எங்கன இருக்கு?

அண்ணாச்சியின் வெப்சைட் தயாரானதும் ஆபீஸுக்கு வந்து பார்த்தார். மேலே சாமி படம், கீழே கம்பெனி பெயர், அதற்குக் கீழே சரவெடியிலிருந்து சங்குசக்கரம் வரை போட்டோக்கள். திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு, "எல்லாம் சரி. இது எங்கன இருக்கு?" என்றார். இங்கே இல்லை அண்ணாச்சி, அமெரிக்காவில் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றேன். அங்கே நமக்குத் தெரிந்த ஆள் யாராவது உண்டா என்று கேட்டார். இல்லை. பூட்டு யாரிடம்? அவர்களிடம். நாம் போய்ப் பார்த்துவிட்டு வர முடியுமா? முடியாது. ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

சமாளிப்பதற்காக முருகேசன் அண்ணன் அந்த அமெரிக்கக் கிடங்கின் போட்டோவைத் திறந்து காட்டினார். வரிசை வரிசையாகக் கறுப்புப் பீரோக்கள், நீல விளக்குகள், ஈ காக்கை இல்லை. எல்லாரும் அதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, மூலை மூலையாகத் தேடினார். ரொம்ப நேரம் தேடிவிட்டு நிமிர்ந்தார்.

"கண்ணுல பாக்காத கிட்டங்கியில சரக்கை இறக்கச் சொல்றீக. சரி, இறக்குறேன். ஆனா தீ அணைக்க ஒரு மணல் வாளிகூட இல்லாம இவுக எப்படித்தான் நிம்மதியா இருக்காக?"

டைரியில் அச்சான பாஸ்வேர்டு

ராஜம் அக்கா ஒரு காலண்டர் அச்சகத்தின் ஆபீஸ் பொறுப்பாளர். நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குபவர், என்னிடம் மட்டும் பிரியமாக இருப்பார். அவர்கள் வெப்சைட் முடிந்ததும், முகவரி, யூசர்நேம், பாஸ்வேர்டு மூன்றையும் அழகாக ஒரு தாளில் டைப் செய்து கையில் கொடுத்து, "பத்திரமா வச்சுக்கோங்கக்கா, ரொம்ப முக்கியம்" என்றேன். முக்கியம் என்ற சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது.

புது வருஷத்துக்கு அவர்கள் வாடிக்கையாளர்களுக்கு இலவச டைரி கொடுப்பார்கள். எனக்கும் ஒன்று வந்தது. தங்க எழுத்து, நல்ல தாள். முதல் பக்கத்தில் 'நிறுவனத்தின் முக்கிய விவரங்கள்'. முகவரி, தொலைபேசி, பேக்ஸ். அதற்குக் கீழே வெப்சைட், யூசர்நேம், பாஸ்வேர்டு. கட்டம் கட்டி அடித்திருந்தார்கள். அந்த டைரி அதற்குள் கன்னியாகுமரியிலிருந்து கட்டாக் வரை போய்ச் சேர்ந்திருந்தது.

பதறிக்கொண்டு ஓடினேன். ராஜம் அக்கா என் தாளையும் டைரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் பார்த்து, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, மூன்று பேர் ப்ரூஃப் பார்த்தோமே என்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாஸ்வேர்டு என்றால் என்ன என்று முதலிலிருந்து விளக்கி, அவர் கண்ணெதிரிலேயே அதை மாற்றினேன். அவர் கையைப் பிசைந்துகொண்டு யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது.

"அதுக்கென்ன பிள்ளை, அந்தப் புது பாஸ்வேர்டை ஒரு ஸ்டிக்கரா அடிச்சு, டைரி வாங்குன எல்லாருக்கும் அனுப்பிருவோம், ஒட்டிக்கிடுவாக."

காவலுக்கு அம்மன்

இந்தப் பயத்தில் எல்லாருடைய பாஸ்வேர்டையும் ஒரு சுற்றுச் சோதித்தேன். பாதிக்கு மேல் இருக்கன்குடி மாரியம்மன்தான். பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று. சிலர் மட்டும் கூடுதல் பாதுகாப்புக்காக நான்கையும் சேர்த்திருந்தார்கள். அம்மன் பெயர் இந்த ஜில்லா முழுக்கத் தெரியும், அதனால் யாரும் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள், எழுத்தும் எண்ணும் குறிகளும் கலந்து வேறு வையுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன்.

பெரும்பாலானவர்கள் சரி என்று சொல்லிவிட்டு மாற்றவில்லை. நேரடியாக எதிர்த்தவர் அண்ணாச்சியின் மச்சான் ஒருவர்தான், தீப்பெட்டி லேபிள் அடிப்பவர், எடுத்ததற்கெல்லாம் கோபம் வரும்.

"அம்மனைக் கீழ எறக்கிட்டு அந்த எடத்துல டாலரையும் நட்சத்திரத்தையும் உக்கார வைக்கச் சொல்றியே, ஒரு ஆபத்துன்னா அந்த நட்சத்திரமா வந்து நிக்கும்?"

துட்டி கேட்க வந்த கெவின்

எங்கள் இருபத்திரண்டு வெப்சைட்டுக்கும் இடம் கொடுத்த கம்பெனியின் பெயர் வேண்டாம். விளம்பரத்தில் 'எல்லாமே அளவில்லாமல்' என்று போட்டிருந்ததைப் பார்த்து முருகேசன் அண்ணன் தேர்ந்தெடுத்தது. அளவில்லாமல் கிடைத்தது அவர்கள் வருத்தம் ஒன்றுதான். ஏதாவது பழுது என்றால் சாட்டிங்கில் ஒருவர் வருவார். யார் வந்தாலும் பெயர் கெவின். இரண்டு கெவின்கள் ஒரே நாளில் வந்து, ஒருவருக்கு இன்னொருவரைத் தெரியாமல் இருந்ததும் உண்டு.

ஒருநாள் அண்ணாச்சியின் ஈமெயில் நின்றுவிட்டது. வடக்கேயிருந்து ஆர்டர் வரும் சமயம். அவரே வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கெவின் எழுத எழுத நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். உங்கள் சிரமம் எனக்கு நன்றாகப் புரிகிறது என்கிறார். இதற்காக மனமார வருந்துகிறேன் என்கிறார். உங்கள் பொறுமைக்கு நன்றி என்கிறார். மறுபடியும் வருந்துகிறேன் என்கிறார். முக்கால் மணி நேரம் இப்படியே போயிற்று. கடைசியில், இன்று வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். மெயில் அப்படியேதான் இருந்தது.

அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. உண்மையாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"இந்த ஆளு எதுக்கு தாயி இம்புட்டு வருத்தப்படுறாரு? எழவு வீட்டுக்குத் துட்டி கேக்க வர்றவன்கூட வருத்தத்தைச் சொன்ன கையோட நாலு நாற்காலிய எடுத்துப் போடுவானே."

கையெழுத்துப் போட்ட ப்ரூஃப்

ராஜம் அக்காவின் முதலாளிக்குத் திரையில் எதையும் பார்க்கப் பிடிக்காது. தாளில் வர வேண்டும், கையில் பிடிக்க வேண்டும், அப்போதுதான் ஒப்புக்கொள்வார். அதனால் அவர்கள் வெப்சைட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் ஆர்ட் பேப்பரில் கலரில் எடுத்து, பச்சை மையில் 'அச்சிடலாம்' என்று எழுதி, கையெழுத்தும் வாங்கி, பைண்டு செய்து அலமாரியில் வைத்தார் ராஜம் அக்கா. அவர்களிடம் இருந்த சாமி படக் காலண்டர் டிசைன் அத்தனையும் அதில் இருந்தது. வெப்சைட்டைப் பைண்டு பண்ணிய கதையை நானும் முருகேசன் அண்ணனும் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். கீழே மெஷின்மேன் வரைக்கும் பரப்பினோம்.

ஆறு மாதம் கழித்து கெவின் கம்பெனியில் ஏதோ மெஷின் மாற்றினார்கள். காலண்டர் வெப்சைட் சுத்தமாகக் காணோம். பேக்கப் கேட்டால், உங்கள் திட்டத்தில் பேக்கப் கிடையாது, வருந்துகிறோம் என்றார்கள். நான் மட்டும் என்ன யோக்கியமா? என் பேக்கப் சிடி மேல் பல மாதமாக டீ கிளாஸ் உட்கார்ந்திருந்தது. அந்த சிடியில் டீ வட்டம் மட்டும்தான் படிக்க முடிந்தது. வேறு வழியில்லாமல் ராஜம் அக்காவிடம் போய் நின்றேன். அவர் அலமாரியைத் திறந்து அந்தப் பைண்டு புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். அதைப் பார்த்துப் பார்த்து டைப் அடித்து, படங்களை ஸ்கேன் செய்து, மூன்று நாளில் மறுபடி கட்டி எழுப்பினோம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"சிரிச்சீகன்னு கேள்விப்பட்டேன். முதலாளி கையெழுத்துப் போட்ட ப்ரூஃபைத் தூரப் போட்டா எங்க கம்பெனியில வேலை போயிரும், உங்க கம்பெனியில எப்படியோ?"

சந்தனம் வைத்த சிபியு

சரஸ்வதி பூஜை. தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை. காலையிலேயே ஆபீஸைக் கழுவி, மானிட்டருக்கும் சிபியுவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கீபோர்டைச் சுற்றி மல்லிகைச் சரம் போட்டு, பொரி கடலை படைத்துச் சூடம் காட்டினோம். ஆயுத பூஜைக்கு வைத்த பொருளை மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். கீழே மெஷின்களுக்கும் மாலை. ஊர் முழுக்க அன்றைக்கு ஒரு சக்கரம் சுற்றாது.

பதினோரு மணிக்கு லேபிள் மச்சானிடமிருந்து போன். வடக்கே ஒரு வியாபாரி அவர் வெப்சைட்டைத் திறந்திருக்கிறார், கறுப்புத் திரையில் சிவப்பு மண்டையோடு பல்லைக் காட்டுகிறதாம், இங்கிலீஷில் ஏதோ வசவாம். அடுத்த போன் ராஜம் அக்கா. அதற்கடுத்தது இன்னொருவர். கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது, இருபத்திரண்டும் மண்டையோடு. நான் கம்ப்யூட்டரை நோக்கிப் பாய்ந்தேன். முருகேசன் அண்ணன் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார். "தொடாத மதி! பூசையில வச்சாச்சு. நாளைக்குக் காலையிலதான்." சீசன் வியாபாரம் அண்ணே என்றேன். குடும்பம் விளங்காது மதி என்றார். வாக்குவாதம் செய்து பயனில்லை என்று தெருமுனை பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். அங்கே ஆறு கம்ப்யூட்டரும் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. அடுத்த சென்டரில் ஷட்டரே இறங்கியிருந்தது.

திரும்பி வந்து பார்த்தால் தனுஷ்கோடி அண்ணாச்சி நிற்கிறார். அவருக்கும் செய்தி போயிருந்தது. கையை விரித்தபடி நின்ற முருகேசன் அண்ணனையும், மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற என்னையும் மாறி மாறிப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். சிபியு முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டார். சுவிட்சின் மேல் சுற்றியிருந்த பூவை அவர் கையாலேயே எடுத்துக் கண்ணில் ஒற்றி ஓரமாக வைத்தார்.

"ஏலே முருகேசா, பூசையில வச்ச அருவான்னாலும் திருடன் வீட்டுக்குள்ள வந்துட்டா எடுக்கத்தான்லே செய்யணும். ஆத்தா கோவிச்சுக்கிட மாட்டா. தாயி, நீ ஆன் பண்ணு."

யார் இடத்தில் முதலில் பற்றியது?

இந்தத் தடவை டீ கிளாஸ் வைக்காத பேக்கப் சிடிகளை வைத்து, சாயங்காலத்துக்குள் மண்டையோடுகளை விரட்டிவிட்டேன். கீபோர்டின் இடுக்கிலிருந்து மல்லிகைக் காம்பு எடுக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. கெவினிடமிருந்து இரண்டு நாள் கழித்து வருத்தம் வந்தது. எல்லாரும் கெவின் கம்பெனியைத் திட்டினார்கள். முருகேசன் அண்ணன் எல்லாரையும் விடச் சத்தமாகத் திட்டினார். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். ஆனால் எனக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும்.

இரண்டு மாதம் முன்பு, பட்டாசுப் போட்டோக்களைத் தாங்களே ஏற்றிக்கொள்ள ஒரு வசதி வேண்டும் என்று அண்ணாச்சி ஆபீஸில் கேட்டார்கள். அவசரம் என்றார்கள். அவர் வெப்சைட்டில் ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். அதற்குப் பாஸ்வேர்டு வைக்கவில்லை. போட்டோ தவிர வேறு எதை ஏற்றினாலும் தடுக்கும் சோதனையும் வைக்கவில்லை. நாளைக்குச் செய்துகொள்ளலாம் என்று விட்டேன், அதோடு மறந்தேன். யார் எந்த வழியாக வந்தார்கள் என்ற பதிவுகளைப் புரட்டிப் பார்த்தால், திருடன் அந்தப் பக்கம் வழியாகத்தான் நுழைந்திருக்கிறான். எல்லா வெப்சைட்டையும் ஒரே அக்கவுன்ட்டில் வைத்திருந்ததால் ஒன்றுக்குள் வந்தவனுக்கு இருபத்திரண்டும் திறந்த வீடு. அன்று மத்தியானமே அந்த ஓட்டையை அடைத்துவிட்டேன். வாயையும் அடைத்துக்கொண்டேன். சொன்னால் அண்ணாச்சி போவார், கூடவே எல்லாரும் போவார்கள், முருகேசன் அண்ணன் மறுபடி யாரிடமாவது டிடிபி அடிக்கப் போக வேண்டும். அவருக்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தது எனக்காகத்தான்.

மூன்றாம் நாள், கெவின் கம்பெனிக்கு அனுப்பும் புகார்க் கடிதத்தில் அண்ணாச்சியிடம் கையெழுத்து வாங்க ஆலைக்குப் போனேன். கேட்டில் செல்போனை வாங்கி வைத்துவிட்டார்கள். போர்மேன் ஐயனார் அண்ணன் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு நடந்தார். தள்ளித் தள்ளித் தனித்தனி ரூம்கள், நடுவில் வெறும் பொட்டல், ஒவ்வொரு ரூமிலும் எல்லாப் பக்கமும் திறந்த கதவு. "கம்ப்யூட்டர்ல தீப்பிடிச்ச மாதிரி ஆயிருச்சாமே, ஒரு ரூம்ல எத்தனை பேரை வச்சிருந்தீக?" என்றார். இருபத்திரண்டு என்றேன். நடந்தவர் நின்றுவிட்டார். "சரி, யாரு எடத்துல முதல்ல பத்துச்சு?" என்றார். தெரியலைண்ணே என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே மறுபடி நடந்தார்.

"ஒரு ரூம்ல நாலு பேருக்கு மேல உக்கார வச்சா எங்களுக்கு லைசென்சு போயிரும். நீங்க இருபத்திரண்டு பேரை ஒண்ணா உக்கார வச்சுட்டு, எங்கன பத்துச்சுன்னும் தெரியலைங்கிறீக. உங்களுக்கெல்லாம் யாரும்மா லைசென்சு குடுத்தது?"

மூன்று கம்பெனி, ஒரு கேள்வி

கெவினை விட்டு வேறு இடம் பார்ப்பது என்று முடிவாயிற்று. பூஜை முடிந்து எட்டாம் நாள் அண்ணாச்சி எங்கள் ஆபீஸுக்கு வந்தார். முருகேசன் அண்ணன் மூன்று கம்பெனிகளைப் பொறுக்கி, அட்டவணை போட்டு, கலர் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். எவ்வளவு இடம், எத்தனை மெயில், எவ்வளவு வேகம். அண்ணாச்சி அதை மடித்து விசிறிக்கொண்டார். "மூணு பேருக்கும் போன் போட்டு ஸ்பீக்கர்ல விடு. உங்ககிட்ட கடைசியா என்ன தப்பு நடந்துச்சு, அப்பம் என்ன செஞ்சீகன்னு மட்டும் கேளு" என்றார். இது என்ன கேள்வி என்று நாங்கள் இருவரும் முழித்தோம். ஆனாலும் போட்டோம்.

முதல் கம்பெனிக்காரர், எங்களிடம் தப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை சார் என்றார். இரண்டாமவர் அதையே இங்கிலீஷில் சொன்னார். மூன்றாவது கோயம்புத்தூர். ஒரு பெண் எடுத்தாள், பேச்சில் என் வயசுதான் இருக்கும். கேள்வியைக் கேட்டதும் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, "ஒரு மெஷின்ல டிஸ்க் போயிருச்சுங்க. ஏழு பேரோட அரை நாள் மெயில் திரும்பி வரலைங்க. நான்தான் முந்தின நாள் வந்த எச்சரிக்கையைச் சரியாப் பார்க்காம விட்டேன். அவங்க போன் பண்றதுக்கு முன்னாடி நாங்களே ஏழு பேருக்கும் போன் பண்ணிச் சொன்னோங்க. இப்ப தினமும் ரெண்டு பேர் பாக்கறோம்" என்றாள். என் காது மடல் சுட்டது. அண்ணாச்சி போனை வைக்கச் சொல்லிக் கை காட்டினார்.

"ஒண்ணுமே நடக்கலைன்னு சொல்றவனை நான் ஆலை கேட்டுலயே திருப்பி அனுப்பிருவேன், ஒண்ணு பொய் சொல்றான், இல்லைன்னா வேலையே பாத்ததில்லை. இந்தப் பிள்ளைக்கே குடுங்க."

இருபத்தொரு போன்

அண்ணாச்சி எழுந்து ஒரு காலில் செருப்பு மாட்டிவிட்டார். அப்படியே போக விட்டிருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். ஆனால் முகம் தெரியாத அந்தக் கோயம்புத்தூர்க்காரியின் குரல் என்னை நிற்க விடவில்லை. "அண்ணாச்சி, முதல்ல பத்துனது உங்க எடத்துலதான். கதவைத் திறந்து போட்டது நான். அன்னைக்கு மத்தியானமே எனக்குத் தெரியும்" என்றேன். முருகேசன் அண்ணன் கையிலிருந்த பேனா கீழே விழுந்து உருண்டது, யாரும் எடுக்கவில்லை. அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. "இப்பம் அடைச்சாச்சா?" அன்றைக்கே அடைத்துவிட்டேன். "மத்தவுகளுக்குச் சொல்லியாச்சா?" இல்லை. அவர் போனை என் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான்.

நேரம் ஒரு மணி. ஊரே சாப்பிட உட்கார்ந்திருந்தது. முதல் போன் லேபிள் மச்சானுக்கு. என் வாழ்க்கையில் கேட்காத வசவெல்லாம் கேட்டேன். இனி உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்று வைத்துவிட்டார், சொன்னபடியே விலகியும் போனார். அவரோடு இன்னொருவரும் போனார். ராஜம் அக்கா, "இதுக்கா கூப்புட்ட? நான் பெரிய காலண்டர் ஆர்டரோன்னு சோத்துக் கையோட ஓடி வந்தேன்" என்று அலுத்துக்கொண்டார். ஒருவர், யார் நீங்கள், எனக்கு வெப்சைட் இருக்கிறதா என்று கேட்டார். பத்தாவது போனில் என் குரல் சுத்தமாக உடைந்துபோனது. முருகேசன் அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கினார். "எல்லாரையும் ஒரே அக்கவுன்ட்ல அடைச்சு வச்சது நான்தாங்க, அந்தப் பிள்ளை மட்டும் இல்லை" என்று சொல்லி மிச்சத்தை அவரே முடித்தார். அன்றைக்கு எனக்கு வந்த அழுகையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

கடைசிப் போனும் முடிந்தது. அண்ணாச்சி அத்தனையையும் அசையாமல் உட்கார்ந்து கேட்டிருந்தார். இனி அவர் வாயிலிருந்து வருவதுதான் எங்கள் ஆபீஸின் ஆயுள். கேட்காமல் இருக்க முடியவில்லை. "உங்க சைட்டு, அண்ணாச்சி?" என்றேன். அவர் எழுந்து நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எங்க ஆலையில கை சுட்டுக்கிட்டவனை யாரும் வேலைய விட்டு நிப்பாட்ட மாட்டோம், சுட்டதை மறைச்சவனைத்தான் நிப்பாட்டுவோம். நீ எட்டு நாளு மறைச்சிருக்க. எட்டு நாளைக்கு நிப்பாட்டுனா என் சைட்டை யாரு பாக்குறது? நாளைக்கு உங்க ஆபீசுக்குச் சீக்கிரமா வந்து சேரு."

பூட்டு எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அது உடைந்த அன்றே போன் போட்டுச் சொல்லும் ஆளாகப் பார்த்து வேலையைக் கொடுங்கள், அந்த ஆள் நீங்களே என்றால் தயவுசெய்து முதலில் சாப்பிட்டுவிட்டுப் போனை எடுங்கள்.